நோயாளியின் முகமும் கொடுப்போரின் கடமையும்

ஒரகடத்து ஆலைகளுக்கு ஷிப்டுப் பேருந்தில் செல்லும் வாலாஜாபாத் இளைஞரின் கைபேசித் திரையில், முடியுதிர்ந்த சிறுவனின் தலையையும், மூக்கில் குழாய் செருகிய முகத்தையும், அருகில் அழும் தாயையும் காட்டி இறைஞ்சும் விளம்பரங்கள் இப்போது அடிக்கடி வந்து நிற்கின்றன. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நிதி திரட்டுவது புண்ணிய காரியம் என்பதில் ஐயமில்லை; ஆனால் நோயாளியின் அவலத்தைக் காட்சிப்பொருளாக்கித் திரட்டுவது தர்மமாகாது. கொடுக்கும் கை தூயதாயினும், அதைத் தூண்ட ஒருவனது மானம் பலியிடப்படுமாயின், அம்முறையை நல்லோர் விலக்குதல் வேண்டும்.

ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் இரவச்சத்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். வறியவன் தன் இல்லாமையை வாய்விட்டுச் சொல்லுமுன் குறிப்பறிந்து கொடுத்தல் என்றொரு பொருளைப் பரிமேலழகர் ஈகை அதிகாரத்தின் உரையிலேயே காட்டுகிறார். பிரதியுபகாரம் கருதாது, தேசமும் காலமும் பாத்திரமும் அறிந்து அளிப்பதே சாத்விக தானம் என்கிறது கீதை. வறட்சியால் வாடிய காஞ்சிக்கு அமுதசுரபி ஏந்தி வந்த மணிமேகலை, பசித்தவரிடம் பசிக்குச் சான்று கேட்டாளில்லை.

அண்மைக் காலச் சான்றும் உண்டு. 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரைத் தம்முள் அடக்கி, இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டி, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியது, ஒரு நோயாளிக்கு என்றல்லாமல் வருவோர் அனைவருக்குமாக.

மேலும், இவ்விளம்பர முறை நீதியும் அன்று. பால்மணம் மாறாத குழந்தையின் படம் விரைவில் லட்சங்களைச் சேர்க்கக்கூடும். புகையிலையால் கன்னம் அழுகிய முதியவரையும், கருப்பைவாய்ப் புற்றை அயலாரிடம் சொல்லவும் நாணும் பெண்ணையும் எந்த விளம்பரம் ஏந்தி வரும்? குழந்தையின் நிலையும் ஆலோசிக்கத்தக்கது: சம்மதம் சொல்லும் வயது வராத அவன், குணமடைந்து வளர்ந்து வேலை தேடிச் செல்லும் நாளிலும் அப்படம் அவனைப் பின்தொடரும்.

மோசடி மலிந்த காலத்தில் நோயாளி மெய்யா என்று அறிய விரும்புவது குற்றமா என்பர் சிலர். குற்றமில்லை. புற்றுநோயின் பெயரால் 18 கோடி டாலருக்கு மேல் திரட்டிப் பெரும்பகுதியைத் தமக்கே செலவிட்டதாக நான்கு அமைப்புகள் மீது 2015இல் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது உண்மையே. ஆயினும் அத்தகைய வேடத்தைக் கலைக்க வல்லது கணக்கேட்டின் பரிசோதனை. கண்ணீர்ப் படம் அதற்கு உதவாது.

நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடுமாறு 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெருநிறுவனங்களைப் பணிக்கிறது. அத்தகைய நிறுவனங்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் நெடுக நிற்கின்றன. அண்ணாவின் பெயர் தாங்கிய அரசினர் புற்றுநோய் மருத்துவமனையோ காஞ்சியை அடுத்த காரப்பேட்டையில் உள்ளது. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணம் கேட்கப்படாவிடினும், துணைக்கு வருபவர் இழக்கும் கூலியும் பேருந்துச் செலவும் சத்தான உணவும் ஏழைக் குடும்பத்தை நிலைகுலையச் செய்கின்றன. இவற்றுக்கென ஊராரும் தொழிலாளரும் ஆலைகளும் கூடிப் பொதுநிதி ஒன்றை நிறுவி, யாருக்குத் தேவை என்பதை மருத்துவரும் சமூகப் பணியாளரும் தீர்மானிக்க விட்டு, தணிக்கை செய்த வரவு செலவை ஆண்டுதோறும் ஊரறிய வெளியிட்டு, பெற்றவர் பெயரை மட்டும் மறைத்தல் வேண்டும்.