கதையின் வாசலில் ஒரு வரி

பீர்க்கன்கரணையிலிருந்து வேலைக்குக் கிளம்பும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். பெருங்களத்தூரில் கடற்கரை ரயில் ஏறி, கம்பியைப் பிடித்தபடி, நேற்றிரவு வந்த ‘யூடி’யை, அதாவது தொடர்கதையின் புதிய அத்தியாயத்தை, போனில் திறக்கிறார். தனக்குப் பிடித்த நாவலின் நாயகியை வைத்து இன்னொரு வாசகி எழுதிவரும் தொடர் அது. மூன்றாம் பத்தியில் அந்த நாயகியை ஒருவன் பலவந்தப்படுத்துகிறான். படிக்கிறவருக்கும் ஒரு காலத்தில் அது நடந்திருக்கிறது. போனை அணைத்துவிடலாம், படித்தது படித்ததுதான். நெரிசலில் தாம்பரம் வரும்வரை இறங்கவும் வழியில்லை, அழவும் வழியில்லை.

இதை எழுதியவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டுமா? வேண்டும். ஆனால் எதற்குச் சொல்வது, யாருக்காகச் சொல்வது என்பதில்தான் வாதம் அடிக்கடி தடம் மாறிவிடுகிறது.

பிறர் படைத்த பாத்திரத்தை எடுத்து எழுதுவது நமக்குப் புதிதில்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடர்ந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். அதற்கும் முன்பே, 1943இல், புதுமைப்பித்தன், இந்திரனின் வஞ்சனைக்கு ஆளாகிக் கணவன் சாபத்தால் கல்லான இராமாயணத்து அகலிகையை எடுத்து ‘சாப விமோசனம்’ எழுதினார். அந்தக் கதையின் தலைமாட்டில் ஒரு குறிப்பு உண்டு: இராமாயணம் அறிந்தவர்களுக்கு இது பிடிபடாமல் போகலாம், பிடிக்காமலும் போகலாம், அதைத் தாம் பொருட்படுத்தவில்லை என்பது அதன் சாரம். தமிழ்ச் சிறுகதையில் இதைவிட நேர்மையான முன்னறிவிப்பு அரிது. ஆனால் அது நம்பிக்கை புண்படக்கூடியவர்களுக்குச் சொன்னது. அகலிகைக்கு நேர்ந்ததைத் தன் உடம்பில் அறிந்த வாசகிக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

இந்த இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. நம்பிக்கை புண்பட்டது என்று பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை எதிர்த்தவர்களை எந்த முன்னறிவிப்பும் சமாதானப்படுத்தியிருக்காது. நூலே இருக்கக் கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் இனி எழுதுவதில்லை என்று அறிவிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பிடிக்காத நூலைப் படிக்காமல் விட்டுவிடலாம் என்றது. சரியான தீர்ப்பு. அதை முழு மனதோடு ஏற்பவர்கள் இன்னொன்றையும் ஏற்றாக வேண்டும்: படிக்காமல் விட, உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

முன்பே சொன்னால் கதையின் சுவை கெட்டுவிடும் என்பார்கள். ‘சாப விமோசன’த்தையே பார்க்கலாம். இராமன் தன்னைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதை சொல்லக் கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். அவளுக்கு முன்பு என்ன நேர்ந்தது என்று தெரிந்தவர்களையும் அந்த முடிவு அறைகிறது. அப்படியும் மனம் ஒப்பாத எழுத்தாளருக்கு ஒரு வழி உண்டு. ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற பெரிய இணைய ரசிகர் புனைவுக் களஞ்சியத்தில் கொடூர வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், வல்லுறவு, வயது வராதோர் தொடர்பான பாலுறவு என நான்கே கட்டாய அறிவிப்புகள். எதையும் சொல்ல விரும்பவில்லை என்று அறிவிக்கவும் எழுதுபவருக்கு உரிமை உண்டு. அந்த அறிவிப்பே ஒரு தகவல். துணிந்தவர் உள்ளே போகலாம்.

எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை ஒட்டவும் வேண்டாம். சினிமாவில் யாராவது சிகரெட் பற்றவைத்ததும் திரையின் ஓரத்தில் வரும் வாசகத்தை இன்று யார் படிக்கிறார்கள்?

நம் இணைய நாவல்களில் இருக்கிற தவறு வேறு. ‘ஆன்டி ஹீரோ கதை’ என்று முகப்பில் போடுகிறார்கள். கேட்பதற்குக் கவர்ச்சியாக இருக்கிறது. உள்ளே அவன் செய்வது கட்டாயத் தாலியும் வல்லுறவும். அவன் செய்ததற்குப் பெயர் வைக்காமல் அவனுக்குப் பட்டம் கொடுப்பது எச்சரிக்கை ஆகாது, விளம்பரம்தான்.

எழுதுங்கள், எந்த இருட்டையும் எழுதுங்கள். யூடி போடும் முன் மேலே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ‘இதில் பாலியல் வன்முறை உண்டு.’ ரயிலில் நிற்கும் அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, படிப்பதா வேண்டாமா என்று தானே முடிவு செய்துகொள்வார்.