நாய் கட்டியிருக்கா?

எங்கள் தெருவில் வாசல் மணியை அடிக்கும் முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். “நாய் கட்டியிருக்கா?” கேஸ் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருபவர் கேட்பார். கரண்ட் ரீடிங் எடுக்க வருபவர் கேட்பார். நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்க வரும் பெண்கள் கேட்பார்கள். “கட்டியிருக்கு, வாங்க” என்று சொன்ன பிறகும் ஒரு கணம் கேட்டுக்கு வெளியே நின்று, நம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார்கள்.

பொம்மி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அந்தக் கேள்வி என்னைக் காயப்படுத்தியது. இன்று அது வாசலில் கேட்கும்போது எனக்கு நானே பொறுப்பை நினைவுபடுத்திக்கொள்கிறேன். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைத்தான் எழுத விரும்புகிறேன்.

பொம்மி ஒரு பெண் ராட்வைலர். நாற்பத்தோரு கிலோ. பல்லைப் பார்த்து நான்கு வயது இருக்கும் என்றார் கால்நடை மருத்துவர். எங்கள் நாட்டு நாய் பதின்மூன்று வருடம் எங்களோடு வாழ்ந்து இறந்த பிறகு, அதன் போர்வைகளையும் மிச்சமிருந்த மருந்துகளையும் கொடுத்துவிட்டு வரலாம் என்று நகருக்கு வெளியே இருந்த ஒரு காப்பகத்துக்குப் போயிருந்தேன். கடைசிக் கூண்டில், சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. சங்கிலி தேய்த்த தடம். அங்கே வேலை செய்த பையன் சொன்னான்: “இதை யாரும் கேக்க மாட்டாங்க சார். என்ன ஜாதின்னு கேப்பாங்க, சொன்னதும் அடுத்த கூண்டுக்குப் போயிடுவாங்க.”

அது 2024 மே மாதத்தின் கடைசி வாரம். அந்த வருடம் மார்ச் 12 அன்று மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. பிட்புல், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோ உள்ளிட்ட 23 வகை நாய்கள் மனித உயிருக்கு ஆபத்தானவை, அவற்றை வளர்க்கப் புதிதாக உரிமம் தரக் கூடாது, ஏற்கெனவே வளர்ப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றது கடிதம். ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த மாதமே, மே 5 ஞாயிற்றுக்கிழமை, சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் ஓர் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. பூங்காக் காவலாளியின் மகள் அவள்.

“அந்தக் குழந்தையோட செய்தியைப் படிச்சுமா இதைக் கூட்டிட்டு வரணும்ங்கறீங்க?” என்று என் மனைவி கேட்டாள். உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஐந்து முறை காப்பகத்துக்குப் போனோம். முதலில் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம், பிறகு பக்கத்தில், பிறகு கயிறு பிடித்து நடந்தோம். காப்பகத்தார் எங்கள் வீட்டையும் மதில் உயரத்தையும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஐந்தாவது முறை பொம்மி தன் கனமான தலையை என் மனைவியின் முழங்கால் மேல் வைத்து, பெருமூச்சு விட்டாள். அதன் பிறகு மனைவி எதுவும் கேட்கவில்லை.

ராட்வைலர் என்ற பெயர் தென் ஜெர்மனியின் ராட்வைல் என்ற ஊரிலிருந்து வந்தது. அந்த ஊர்க் கசாப்புக்காரர்கள் மாட்டு மந்தையை ஓட்டவும், இறைச்சி வண்டியை இழுக்கவும் வளர்த்த நாய்கள் இவை. ரயில் வந்து, மாடுகளும் சரக்கும் ரயிலேறிய பிறகு இவற்றுக்கு வேலை போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இனமே அருகிப்போனது. பிறகு காவல் துறை இவற்றைக் கையிலெடுத்தது. மந்தையோடு நாள் முழுதும் நடப்பதற்கென்று உருவான ஓர் உடம்பை, பாதுகாப்புக்கு என்று வாங்கி, மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டி, வேளைக்கு ஒருமுறை சோறு வைத்துவிட்டு இறங்கிவிட்டால் அந்த உடம்பு என்ன ஆகும்? பொம்மியின் முந்தைய வாழ்க்கை எனக்குத் தெரியாது. கழுத்துத் தடம் மட்டும் தெரியும்.

வந்த புதிதில் மூன்று நாள் சாப்பிடவில்லை. மூன்று வாரம் வரை கட்டிலுக்கடியிலிருந்து எங்களைக் கவனித்தாள். சோற்றுத் தட்டின் அருகே போனால் உறுமினாள். அதட்டி அடக்கத்தான் எனக்குத் தோன்றியது. நாங்கள் அழைத்திருந்த நாய்ப் பயிற்சியாளர் தடுத்தார். “உறுமல்தான் சார் அதோட வார்த்தை. ‘கிட்ட வராதே’ன்னு மரியாதையாச் சொல்லுது. அதை அடிச்சு நிறுத்தினா, அடுத்த தடவை சொல்லாமலே கடிக்கும்.” உடம்பு விறைப்பது, கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரிவது, பசியில்லாமலே உதட்டை நக்குவது என்று ஒவ்வொன்றாகப் படிக்கக் கற்றுத்தந்தார். வால் ஆடினாலே சந்தோஷம் என்று எண்ணியிருந்தேன். விறைத்த உடம்பில் மேலே தூக்கிய வால் ஆடினால் அதற்கு வேறு பொருள் என்பதை ஐம்பது வயதுக்கு மேல் கற்றேன்.

நான்கு மாதத்தில் அவள் எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டாள். அதோடு நானும் அவளுடைய வக்கீலாகிவிட்டேன். யாராவது ஒதுங்கி நடந்தால் நிறுத்தி விளக்குவேன். 2022ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வைச் சொல்வேன். பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கும் அதிகமான நாய்களின் மரபணுவைப் படித்த ஆய்வு அது. நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று கண்டார்கள். “பார்த்தீங்களா?” என்று கேட்பேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, மறுநாளும் ஒதுங்கித்தான் நடந்தார்கள். எனக்குக் கோபம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு கையிலும் பால் பாக்கெட். கேட்டைக் காலால் தள்ளி மூடினேன், தாழ்ப்பாள் விழவில்லை. எதிர் வீட்டுப் பையன் சைக்கிளில் போனான். ஓடும் எதையும் சுற்றி வளைத்து நிறுத்துவது மந்தை ஓட்டியவர்களின் நாய்க்கு ரத்தத்தில் இருக்கிறது. பொம்மி பாய்ந்து வெளியேறி, குரைத்துக்கொண்டே சைக்கிளோடு ஓடினாள். பையன் விழுந்தான். அவள் அவன் தலைமாட்டில் நின்று குரைத்தாள். நான் ஓடிப் போய்க் கழுத்துப்பட்டையைப் பிடிப்பதற்கு ஏழெட்டு நொடி ஆகியிருக்கும். பல் படவில்லை, நகம் படவில்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்னார். முழங்கையும் முழங்காலும் தோல் உரிந்திருந்தன.

பையனின் அம்மாவிடம், “கடிக்கலைம்மா. அது யாரையும் கடிக்காது” என்றேன். அந்த அம்மா சத்தம் போடவில்லை. “உங்களுக்குத் தெரியும் சார், அது கடிக்காதுன்னு. கீழ விழுந்து கிடந்த என் புள்ளைக்கு அது எப்படித் தெரியும்?”

அந்த இரவு தூக்கமில்லை. நான்கு மாதம் அவளோடு ஒரே கூரைக்குக் கீழ் வாழ்ந்து நான் பெற்ற நம்பிக்கையை, ஒரு நாள்கூட அவளோடு இருந்திராதவர்களிடம் உடனே கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் கையில் இருந்ததெல்லாம் நாற்பத்தோரு கிலோ உடம்பும், மே மாதத்துச் செய்தியும்தான். அதை வைத்துக்கொண்டு அவர்கள் பயந்தது நியாயம். நான் சொன்ன ஒன்பது சதவீதமும் உண்மைதான். ஆனால் அது ஒரு கேள்விக்குத்தான் பதில். இந்த நாய் கடிக்குமா என்பது ஒரு கேள்வி. கடித்தால் என்ன ஆகும் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு இனத்தின் பெயர் பதில் சொல்லாது. இரண்டாவதற்கு உடம்பின் எடையே பதில்.

இன்னொன்றும் உறைத்தது. என் வாசலுக்கு யார் வருகிறார்கள்? சிலிண்டர் போடுபவர், குப்பை வாங்க வரும் அக்கா, பார்சல் கொண்டுவரும் பையன். வராமல் இருக்கும் சுதந்திரம் அவர்களுக்கு இல்லை, வந்தால்தான் கூலி. அந்தப் பூங்காச் சிறுமிக்கும் வேறு இடம் இருந்திருக்காது. அப்பா அங்கே காவல் வேலை பார்த்தார். குடும்பம் அங்கேயே இருந்தது. பெரிய நாயை வளர்ப்பது என் விருப்பம். அந்த விருப்பத்தின் பயத்தைச் சுமந்தவர்களோ, அதைத் தேர்ந்தெடுக்காதவர்கள்.

சட்டமும் ஒரு வகையில் இதைத்தான் சொல்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு நாயின் இனத்தைக் கேட்பதில்லை. தன்னிடம் உள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிரிட்டன் 1991லேயே பட்டியல் போட்டு நான்கு வகைகளைத் தடை செய்தது. முப்பது வருடம் கழித்து எக்ஸ்எல் புல்லி என்ற இன்னொரு வகையை அதில் சேர்க்க வேண்டி வந்தது. பட்டியலில் இல்லாத பெரிய நாயைத் தேடிப்போக மனிதர்களுக்கு அதிக காலம் ஆவதில்லை. கயிற்றைப் பிடித்திருக்கும் கை மாறாமல் பட்டியல் மட்டும் நீண்டு என்ன பயன்?

மறுநாளிலிருந்து என் கையை மாற்றத் தொடங்கினேன். கேட்டுக்கு உள்ளே இன்னொரு கம்பிக் கதவு போட்டோம், தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வைத்து. ஒன்று திறந்திருந்தால் மற்றது மூடியிருக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் விதி. வெளியே போனால் கூடை போன்ற மஸில். துணியால் வாயை இறுக்கிக் கட்டும் வகை கூடாது. நாய்க்கு வேர்த்து உடம்பு ஆறாது, இரைத்துத்தான் ஆறும். சென்னை வெயிலில் வாயை இறுக்கினால் உயிருக்கே ஆபத்து. மஸிலுக்குள் தயிர்ச்சாதத்தைத் தடவித் தடவி, மூன்று வாரத்தில் அவளே மூக்கை உள்ளே நுழைக்கப் பழகினாள். நடை விடியற்காலை நாலரைக்கு, தெரு விழிக்கும் முன். கருத்தடை, மாநகராட்சி உரிமம், வருடந்தோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. சிலிண்டருக்கு போன் வந்தால் அவள் பின்னறைக்குப் போய்விடுவாள்.

விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். எதிரில் யாராவது வந்தால் நானே தெருவின் அடுத்த ஓரத்துக்கு நகர்ந்து, அவளை உட்கார வைத்து, அவர்கள் கடந்து போகக் காத்திருக்கிறேன். அவர்கள் அவளை நேசிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இப்போது எனக்கு இல்லை. பொம்மியைத் தத்தெடுத்த அன்றே இந்தத் தெருவின் பயத்தையும் தத்தெடுத்திருக்க வேண்டும். நான்கு மாதம் தாமதமாக எடுத்துக்கொண்டேன்.

போன பொங்கலுக்கு எதிர் வீட்டு அம்மா தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். பொம்மி மேல் அவருக்கு இன்றும் பயம்தான். அவள் குரைத்தால் கை முந்தானையைப் பற்றிக்கொள்ளும். கேட்டுக்கு வெளியே நின்று கேட்டார்:

“நாய் கட்டியிருக்கா சார்?”

“பின்னறையில இருக்கும்மா. ரெண்டு கதவும் சாத்தியிருக்கு.”

அவர் கம்பிக் கதவைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு தாழ்ப்பாளைத் தானே நீக்கி, உள்ளே வந்து, திரும்பி அதை மறக்காமல் போட்டார்.