பின்பார்வை

ஜெர்மன் போக்குவரத்து விதிகளின் முதல் ஷரத்து, சாலைக்கு வருகிறவனிடம் இரண்டைக் கேட்கிறது: ஃபோர்ஸிக்ட், ரூக்ஸிக்ட். வழக்கில் எச்சரிக்கை, கரிசனம் என்று பொருள். பிரித்துப் பார்த்தால் முன்பார்வை, பின்பார்வை. அடுத்தவன்மேல் கொள்ளும் கரிசனத்துக்கு அந்த மொழி இப்படிப் பெயர் வைத்திருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆட்டோபானில் வண்டிகள் வலப்புறம் போகின்றன. இடது தடம் முந்துவதற்கு. முந்தி முடித்தவன் வலப்பக்கம் திரும்பிவிட வேண்டும். பாதையின் பெரும்பகுதியில் நிரந்தர வேக வரம்பு கிடையாது. 130 கிலோமீட்டர் என்பது, 1978ஆம் ஆண்டு ஆணைப்படி, சிபாரிசு மட்டுமே.

ஒருவன் அந்த 130இல் இடது தடத்திலேயே நிலைத்துவிடுகிறான். வலப்பக்கம் காலியாகக் கிடக்கிறது. இதற்குமேல் வேகம் எவனுக்கும் தேவையில்லை என்பது அவன் வாதம். எண் அவன் பக்கம்தான். ஆனால் தன் நிதானத்தைப் பிறருக்குச் சட்டமாக்கும் அதிகாரம் அவனுக்கு எங்கிருந்து வந்தது? ஒழுங்காக இருப்பவனுக்குள் ஒரு போலீஸ்காரன் குடியேறுவது எவ்வளவு சுலபம்!

பின்னால் விளக்கைச் சிமிட்டியபடி ஒட்டி வருகிறவனும் இவனுக்கு உறவுதான். வேகத்தின் எண்ணில் பாதி, அத்தனை மீட்டர் இடைவெளி என்பது அங்கே வாய்ப்பாடு, 130க்கு 65. அவனோ முன்னால் போவது மனிதன் என்பதையே மறந்துவிட்டான். வேண்டுமென்றே மறிப்பவன், நெருக்கித் துரத்துபவன் இருவரையும் ஜெர்மன் நீதிமன்றங்கள் ஒரே பிரிவில், பலவந்தம் என்ற குற்றத்துக்காகத் தண்டித்திருக்கின்றன.

அப்படியானால் விலகுவது வலியவனுக்குப் பணிவதாகாதா? இந்தக் கேள்வியை லேசில் தள்ளிவிட முடியாது. பெரிய வண்டிக்கு ஒதுங்கியே பழகியவர்களுக்கு மரியாதையும் பயமும் ஒன்றாகவே தெரியும். ஆனால், பின்னால் ஒருவன் வந்தால் மட்டும் விலகு என்று விதி சொல்லவில்லை. கண்ணாடியில் எவரும் தெரியாதபோதும் வலப்புறம் போ என்கிறது. பயப்படுவதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். இதற்கு வேண்டாம். இன்னும் வந்து சேராத ஒருவனுக்காக, அவன் யார், அவனுக்கு என்ன அவசரம் என்று விசாரிக்காமல், ஒரு தடத்தைக் காலியாக விட்டுவைப்பது. அவன் வராமலேயே போகலாம். வேகமாகப் போவது அவன் தப்பாகவும் இருக்கலாம்; அதற்கு அவன் பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

பின்பார்வை என்ற சொல்லை நான் இந்த அர்த்தத்தில்தான் எடுத்துக்கொள்கிறேன்.