போத்து

என் ஜன்னல் திட்டில் இருக்கும் தொட்டி ஒரு சாண் அகலம். அதில் நிற்கும் குட்டி ரோஜா அதைவிடப் பெரிதாக உயர்ந்துவிடவில்லை. இலையும் பூவும் முள்ளும் எல்லாமே அந்த அளவுக்கு ஏற்ற சிறுமை. பெரிய ரோஜாவைத் தொட்டியில் அடைத்துக் குறுக்கியதாகச் சிலர் நினைக்கிறார்கள். போன்சாய் மரத்தைத்தான் வேரை நறுக்கிக் குறுக்குவார்கள். இதற்கு இதுவே பிறவி அளவு.

இன்றைய குட்டி ரோஜாக்கள் பலவற்றின் வம்சத்தில் ‘ரூலெட்டி’ என்றொரு செடி இருக்கிறது. சீன ரோஜா வழியில் வந்தது; விடாமல் பூப்பது அந்தக் குருதியின் குணம். முதல் உலகப் போர்க் காலத்தில் சுவிட்சர்லாந்தின் மோபோர்ஷே என்ற மலைக்கிராமத்து ஜன்னல்களில், தொட்டிகளில் இதைப் பார்த்தார் ரூலே என்ற ராணுவ அதிகாரி. தலைமுறை தலைமுறையாக அங்கே தொட்டியிலேயே வாழ்ந்த செடி. ஜெனீவாவில் மலைச்செடிகள் வளர்த்துவந்த ஆன்ரி கொரவோனிடம் அவர் இதைச் சொன்னார். செடியைத் தேடும்போது கிராமம் தீயில் அழிந்திருந்தது. அங்கிருந்த தொட்டிகளும் அதோடு போயின.

பக்கத்து ஒன்னென் கிராமத்தில் ஒரு பெண்மணியிடம் ஒரு செடி மிஞ்சியிருந்தது.

அந்த ஒற்றைத் தொட்டியிலிருந்து கொரவோன் போத்து எடுத்தார். பின்னாளில் ஹாலந்தின் போஸ்கோப்பில் யான் டி விங்க் இதை வேறு ரோஜாவோடு கலந்து உருவாக்கிய ரகம் 1936இல் ‘டாம் தம்ப்’ என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் ரால்ஃப் மூர், 102 வயதில் மறையும் முன், குட்டி ரோஜாவுக்கென்றே ஆயுளைச் செலவிட்டார்.

என் மனம் அவர்களைத் தாண்டி அந்த ஒன்னென் ஜன்னலுக்கே போகிறது. அந்தச் செடி எப்படியோ அங்கே வந்திருக்கிறது. யாரோ யாருக்கோ ஒடித்துக் கொடுத்த குச்சியாகத்தான் இருக்க வேண்டும். விதையிலிருந்து வருவது பிள்ளை. போத்திலிருந்து வருவது அந்தச் செடியேதான். வேறு மண்ணில் தொடரும் அதே உயிர். தங்கள் ஜன்னலில் பத்திரமாக வைத்திருந்தவர்களிடம் அது தங்கவில்லை. கையைவிட்டுப் போன குச்சிதான் அதைக் காத்தது. கொடுத்தவருக்கு அது தெரிந்திருக்காது. கேட்டார்கள், ஒடித்துக் கொடுத்திருப்பார்.

என்னிடம் முன்பு ஒரு செடி இருந்தது, வெளிர் மஞ்சள். எதிர்வீட்டு அக்கா ஒரு குச்சி கேட்டார். “மொட்டு விட்டிருக்குக்கா, பூத்து முடியட்டும்” என்றேன். அந்தச் சித்திரையில் செஞ்சிலந்தி விழுந்தது. இலைக்கு அடியில் பார்க்கத் தெரியாமல், வாட்டம் என்று நினைத்துத் தண்ணீரை மட்டும் கூட்டினேன். இரண்டு வாரத்தில் செடி குச்சியாகிவிட்டது. அன்று கொடுத்திருந்தால், எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம்.

நேற்று இந்தச் செடியில் மொட்டு இருக்கும்போதே மூன்று குச்சிகள் வெட்டினேன். கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு, அடி இலைகளைக் கிள்ளி, ஈர மணலில் ஊன்றிக் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வேர் விடச் சில வாரம் ஆகும். ஒன்று அக்காவுக்கு. மற்ற இரண்டும் வேறு தெருக்களுக்கு.