எழுதிய வாக்கும் கையளித்த வாக்கும்



"இது வேதாகமத்தில் எங்கே எழுதியிருக்கிறது?" என்று அயலார் ஒருவர் உங்களைக் கேட்டிருக்கலாம். அவர் மேல் கோபங்கொள்ள வேண்டாம், நல்ல கேள்விதான். ஆனால் அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்தே வருகிறது: வேதாகமத்தில் அடங்கிய புத்தகங்கள் இன்னின்னவை என்று நமக்குச் சொன்னது யார்?

நமது ஆண்டவராகிய சேசுநாதர் புத்தகம் எழுதி வைத்துப் போகவில்லை. போதிக்கும்படி அப்போஸ்தலர்களை அனுப்பினார். அவர்கள் முதலில் வாய்மொழியாகப் போதித்தார்கள்; எழுத்து பின்னால் வந்தது. நாம் இன்று வைத்திருக்கிற புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் அர்ச். அத்தனாசியார் 367-ம் ஆண்டில் எழுதிய பாஸ்கு நிருபத்தில் காண்கிறோம். 397-ல் கார்த்தேஜ் நகரில் கூடிய சங்கமும் அவற்றையே வரிசைப்படுத்தியது. அதுவரை அவற்றைப் பூசையில் வாசித்துக் காத்துவந்தது திருச்சபையே. வாய்மொழியாகவும் நிருபத்தாலும் தாம் கற்பித்த பாரம்பரியங்களைப் பற்றிக்கொள்ளும்படி அர்ச். சின்னப்பரும் தெசலோனிக்கேயருக்கு எழுதியிருக்கிறார் (2 தெச. 2:15).

அப்படியானால் வழக்கமெல்லாம் பாரம்பரியமோ? அல்லவே அல்ல. மாற்கு சுவிசேஷம் 7-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளைக் "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட இடங்கொடுத்தவர்களைச் சேசுநாதர் கடுமையாய்க் கண்டித்தார். மனிதருடைய வழக்கத்தைக் காக்கச் சர்வேசுரனுடைய கற்பனையைத் தள்ளினார்கள் என்பதே அவர்கள் மேல் குற்றம். திருநாள் செலவுக்குத் தாராளமாய்க் கொடுத்துவிட்டு, வயதான தாயாருக்கு மருந்து வாங்க மறுக்கிறவன் அந்தக் குற்றத்துக்கு எவ்வளவு தூரம்?

1965 நவம்பர் 18-ல் 2-ம் வத்திக்கான் சங்கம், வேதாகமமும் பரிசுத்த பாரம்பரியமும் ஒரே ஊற்றிலிருந்து சுரக்கின்றன என்று போதித்தது. திருச்சபையின் போதக அதிகாரம் தேவ வாக்குக்கு மேற்பட்டதல்ல, அதற்கு ஊழியஞ் செய்வதே என்றும் தெளிவாய்ச் சொன்னது. அதிகாரமே ஊழியமானால், நம் வீட்டு வழக்கங்கள் எம்மாத்திரம்!

திருச்சபை காத்துத் தந்த புத்தகம் நம் வீட்டுப் பெட்டியில் தூசி படிந்து கிடந்தால், அயலாருக்கு நாம் சொல்லும் பதிலை யார் நம்புவார்? ஆகையால் இந்த வாரம் ஒரு நாள், இராச் செபத்துக்குப் பின் அந்த அதிகாரத்தைக் குடும்பமாய் வாசியுங்கள். நாம் கைக்கொள்ளும் வழக்கம் ஒவ்வொன்றும் நம்மைச் சர்வேசுரனுடைய கற்பனைக்குக் கிட்டே கொண்டுவருகிறதா, அல்லது அதிலிருந்து தப்ப வழி காட்டுகிறதா என்று மனசாட்சியைக் கேளுங்கள். உண்மையைக் காணும் வெளிச்சத்தை இஸ்பிரீத்துசாந்து நமக்குத் தந்தருள மன்றாடுவோம்.