சொல்லாமல் போட்ட ஊசி

1941இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹக்கின்ஸ் ஒரு விஷயத்தைக் காட்டினார். எலும்புவரை பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுநோய், விதைகளை அகற்றினால் ஒடுங்குகிறது. வலி குறைகிறது, பசி எடுக்கிறது. அந்தப் புற்றுநோய்க்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன். தீனியை நிறுத்தினால் போதும். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முற்றிய நிலையில் இன்றைக்கும் சிகிச்சையின் அடித்தளம் இதுதான். மேலே கீமோ, புது மாத்திரைகள் எல்லாம் வந்து சேர்ந்திருக்கின்றன.

மாறியது பெயர். கத்திக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி வந்தது. அதுவும் டெஸ்டோஸ்டிரோனை ஏறக்குறைய அதே அளவுக்கு இறக்கிவிடும். இங்கே அதை 'ஹார்மோன் ஊசி' என்கிறார்கள். கேட்டால் ஏதோ சத்து ஊசி மாதிரி இருக்கும். ஹார்மோனைப் பிடுங்குகிற ஊசிக்கு நல்ல பேர்! மாட்டுக்குச் செய்தால் இதற்குக் காயடித்தல் என்று பெயர்.

என் பெரியப்பாவுக்கு 78 வயது. மன்னார்குடிப் பக்கம் விவசாயி; காயடிக்கும்போது மாட்டைக் கட்டிப்போட்டுப் பிடித்துக்கொண்ட கை. முதுகுவலி என்று போனார், முதுகெலும்பு வரை பரவியிருந்தது. "ஊசியா, ஆபரேஷனா?" என்று டாக்டர் கேட்டது அண்ணனிடம். பெரியப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் சின்னது, ஒரே தடவை, செலவு கம்மி. ஊசி தொடர்ந்து போடணும், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில். அண்ணன் ஊசி என்றார். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தார். நல்ல மகன், சந்தேகமே இல்லை. பெரியம்மா, "உசுரு இருந்தா போதும், இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு" என்று முடித்துவிட்டார்.

என்னைத் தொந்தரவு செய்வது அந்த வாக்கியம்தான். 'அதெல்லாம்' என்பதில் படுக்கை மட்டுமா இருக்கிறது? டெஸ்டோஸ்டிரோன் போனால் தசை கரைகிறது, எலும்பு மெலிகிறது. உடம்பில் அனல் ஏறி வியர்த்துக் கொட்டுகிறது. சோர்வு, சிலருக்கு மனச்சோர்வு. முதியவர்களின் புற்றுநோயைப் பார்க்கும் மருத்துவர்கள் வயதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்கிறார்கள். எடை குறைந்ததா, ஞாபகம் எப்படி, எத்தனை மாத்திரை சாப்பிடுகிறார், தானாக நடக்கிறாரா என்றெல்லாம் கேட்கிறார்கள். வீட்டில் நமக்கு 78 என்றாலே விடை கிடைத்துவிடுகிறது.

என் வேலையில், டாஷ்போர்டில் எது தெரிகிறதோ அதைத்தான் சரிசெய்வோம். இங்கே டாஷ்போர்டு பிஎஸ்ஏ. பல நூறில் இருந்தது 4க்குக் கீழே வந்தபோது குடும்ப வாட்ஸப் குழுவில் வரிசையாகக் கைகூப்பும் எமோஜிகள். முதுகுவலியும் விட்டிருந்தது, அது பெரிய விஷயம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு பனியன் நனைந்து எழுந்து உட்கார்ந்திருப்பதற்கு எண் ஏதும் கிடையாது. தனக்குப் புற்றுநோய் என்று பெரியப்பாவுக்குத் தெரியும். ஊசி என்ன செய்கிறது என்று யாரும் சொல்லவில்லை. வியர்ப்பது சர்க்கரை வியாதியால் என்று நினைத்து, காப்பியில் சர்க்கரையை நிறுத்தியிருந்தார்.

ஒருநாள் போனில் கேட்டார்: "ஏண்டா, அந்த ஊசில என்னதான் இருக்கு?"

சொன்னேன். காயடித்தல் என்ற சொல்லை நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப ஒரேடியா எடுத்துட வேண்டியதுதானே. எதுக்குடா காசக் கொட்டுறான்?"

சொன்னால் உடைந்துபோவார் என்று பயந்த குடும்பம் இதை எதிர்பார்த்திருக்காது. குடும்பமாக முடிவெடுப்பதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன்; நம் வீடுகளில் யாரும் தனியாள் இல்லை. அந்தக் குடும்பத்தில் அவரும் ஒருவர் என்பதுதான் விட்டுப்போகிறது.

ஆனால் அவர் பதிலையும் அப்படியே வாங்கிக்கொள்ள முடியவில்லை. தன்னைச் செலவாகக் கணக்குப் பார்க்கும் ஒருவர் எடுக்கும் முடிவு அவருடைய முடிவா, அவருடைய குற்றவுணர்ச்சியின் முடிவா? "காசு பிரச்சினையே இல்லன்னா என்ன பெரியப்பா சொல்வீங்க?" என்று கேட்டேன். "அப்பவும் அதேதான். மூணு மாசத்துக்கு ஒருக்கா அவன் லீவு போட்டு என்னயக் கூட்டிட்டு அலையணுமா?" பாதி பதில் மறுபடியும் மகனைப் பற்றியே. இருந்தாலும், விதைநெல்லுக்கும் உரத்துக்கும் ஆயுள் முழுக்கக் கணக்குப் பார்த்த மனிதரிடம், உங்கள் உடம்புக்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள் என்று சொல்ல நான் யார்?

செலவையும் கொஞ்சம் அசைத்துப் பார்க்கலாம். அடுத்து அபிராடெரோன் மாத்திரை பற்றிப் பேச்சு வருகிறது. வெறும் வயிற்றில் 1000 மில்லிகிராம் சாப்பிட வேண்டிய மருந்து. 2018இல் வெளியான, 72 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வில், காலை உணவோடு 250 மில்லிகிராம் கொடுத்தபோதும் பிஎஸ்ஏ ஏறக்குறைய அதேபோல இறங்கியது. சின்ன ஆய்வு, ஆயுள் நீள்கிறதா என்று அளப்பதற்காகச் செய்ததும் இல்லை. ஆனாலும் ஒரு கிழவரிடம் 'காசா, உயிரா' என்று கேட்பதற்கு முன்னால் டாக்டரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆபரேஷனுக்கு அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை. "ஊர்ல தெரிஞ்சா என்னடா சொல்வாங்க" என்கிறார். அடுத்த ஊசிக்கு 16 நாள் இருக்கிறது. இந்தமுறை பெரியப்பாவும் உள்ளே வருவார் என்று டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.