யானையின் மீட்பும் நம்முடைய விடுதலையும்

மீட்பு, மறுவாழ்வு என்ற ரெண்டு சொல்லும் அரசாங்கக் காகிதத்தில் ஜோடியாகவே நடமாடுகின்றன. கொத்தடிமையை மீட்கிறார்கள், மறுவாழ்வு தருகிறார்கள். 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததிலிருந்து கேட்கும் பேச்சு இது. கையால் மலம் அள்ளுகிறவர்களைப் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே மறுவாழ்வு இருக்கிறது. திருச்சிக்குப் பக்கத்தில் எம்.ஆர். பாளையத்தில் 2019இல் வனத்துறை தொடங்கிய இடத்துக்கும் அதே பெயர்தான்: யானைகள் மீட்பு மற்றும் மறுவாழ்வு மையம். யானைக்கும் நம்ம சனங்களுக்கும் ஒரே சொல்லை எடுத்துப் போடுகிறார்கள் என்றால், அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை நமக்கு இருக்கிறது.

திண்டுக்கல்லில் தோழர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் கோபமாகவே கேட்டார்: "மனுசன் சாக்கடைக் குழிக்குள்ள மூச்சு முட்டிச் சாவுறான். யானைக்கு டாக்டரு, குளியலு, கவளம். இது யாரு வீட்டுக் கருணை தோழர்?" இந்தக் கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. 2023 மார்ச்சில் ஆனைமலை கோழிகமுத்தி முகாமில் கலீம் என்ற கும்கி யானை 60 வயதில் பணி ஓய்வு பெற்றது. வனத்துறையினர் வரிசையில் நின்று சல்யூட் அடித்து அனுப்பிவைத்தார்கள். முப்பது வருசம் ஊர்க்குப்பை அள்ளிய ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஓய்வு நாள் என்று ஒரு நாளே கிடையாது, மறுநாள் வேலை இல்லை என்பார்கள், அவ்வளவுதான். இதைப் பார்த்த வயிறு எரியத்தான் செய்யும். எரிகிற வயிறு யாரைப் பார்த்து எரிய வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

அனுமதி வாங்கிக்கொண்டு ஒருமுறை எம்.ஆர். பாளையம் போனேன். திண்டுக்கல்லில் பஸ் ஏறி மணப்பாறை வழியாகத் திருச்சி, அங்கிருந்து பெரம்பலூர் ரோட்டில் சமயபுரம் தாண்டி, சிறுகனூர்ப் பக்கம். பெரிய காடு என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். எங்க வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரி மாதிரி வறண்ட புதர்க்காடு. மதுரையிலிருந்து வந்த மலாச்சி, காஞ்சி மடத்துக்குச் சொந்தமாக இருந்த சந்தியா, ஜெயந்தி, இந்து என்று இந்த மையத்துக்கு வந்தவை எல்லாம் மனிதர்களுக்கு நடுவில் ஆயுளைக் கழித்த பெண் யானைகள். காட்டில் பெண் யானை தனியாக இருப்பதில்லை. அம்மா, அக்கா, சித்தி என்று கூட்டத்தோடுதான் பிறந்து சாகும். அதைத் தனியே பிரித்து, சிமெண்டுத் தரையில் வருசக்கணக்காக நிற்க வைத்தால் பாதம் புண்ணாகிறது. ஒரு நாளைக்கு 150, 200 கிலோ பச்சைத் தீவனம் தின்னுகிற உயிருக்குப் பக்தர்கள் கொடுக்கிற பழமும் சோறும் சேருவதில்லை. இங்கே மண் தரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு யானை இருக்கிறது. தீவனம் வெட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "சில யானைக்கு மண்ண வாரி முதுகுல போட்டுக்கிறதே மறந்துபோயிருக்கும் சார். பக்கத்துல இருக்கிறத பாத்துப் பாத்துத்தான் திரும்ப வரும்" என்றார். நாலு டன் எடையுள்ள உயிருக்கு மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் சுதந்திரம்கூட இல்லாமல் செய்ததற்குத்தான் இத்தனை நாளும் பக்தி என்று பெயர்.

கோயில் யானையை நாம் எப்படிப் பார்த்தோம்? பழனியில் கஸ்தூரியைப் பார்த்து வாய் பிளந்த பிள்ளைகள்தான் நாமெல்லாம். என் பூட்டி தன் ஊர்க் கோயில் வாசலைத் தாண்டியதில்லை. 1939இல்தான் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் போக முடிந்தது. மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் வந்தது. யானையோ அதற்கு நூற்றாண்டுகள் முன்பே நெற்றிப்பட்டம் கட்டி, சந்தனம் பூசி, உள்ளே நின்றது. அதே நேரத்தில் காலில் சங்கிலியும் இருந்தது. வெளியே நிறுத்தப்பட்டவர்களும் உள்ளே கட்டப்பட்டதும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பக்கம். பட்டம் கட்டினால் விடுதலை ஆகிவிடாது என்பதை யானையைப் பார்த்தே நாம் கற்றுக்கொண்டிருக்கலாம்.

அடுத்த விசயம், கருணையின் வேலையை யார் செய்கிறார்கள் என்பது. தெப்பக்காட்டிலும் கோழிகமுத்தியிலும் பாகன்களாகவும் காவடிகளாகவும் இருப்பவர்கள் பெரும்பாலும் காட்டுநாயக்கர், குறும்பர், இருளர், மலசர். தாயை இழந்த குட்டிகளை வளர்த்த பழங்குடித் தம்பதியைப் பற்றிய படம் 2023இல் ஆஸ்கர் வாங்கியபோது உலகமே கண் கலங்கியது. மசினியின் கதைக்கு யாரும் அவ்வளவு கலங்கவில்லை. முதுமலையில் குட்டியாக மீட்கப்பட்டு, தெப்பக்காட்டில் வளர்ந்து, சமயபுரம் கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட யானை மசினி. 2018 மே மாதம் கோயிலுக்குள்ளேயே தன் பாகனைக் கொன்றது. திரும்பத் தெப்பக்காட்டுக்கே அனுப்பினார்கள். 2023 ஏப்ரலில் அங்கேயும் ஒரு பாகன் அதன் காலடியில் செத்தார். மீட்ட யானையைக் கோயிலுக்குக் கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் அதன் காலடியில் நிற்கவில்லை.

2021 பிப்ரவரியில் தேக்கம்பட்டி நலவாழ்வு முகாமில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் யானையைப் பாகனும் உதவியாளரும் அடித்த வீடியோ வந்தது. ரெண்டு பேர் மீதும் நடவடிக்கை எடுத்தார்கள். எடுக்க வேண்டியதுதான், அடி அடிதான். ஆனால் அஸ்ஸாமில் பிறந்த யானையைக் கொண்டுவந்து இங்கே கட்டிவைத்த வழக்கம் அந்த வீடியோவில் விழவில்லை. கீழே இருக்கிற இரண்டு உயிர்கள் ஒன்றையொன்று காயப்படுத்திக்கொள்வதும், மேலே இருந்து பார்க்கிறவன் நீதி சொல்வதும் சாதிய சமூகத்தில் நமக்குப் புதுசு இல்லை.

இப்போது தோழரின் கேள்விக்கு வருகிறேன். 1927 மார்ச் 20, மகாடு சவதார் குளம். ஆடு மாடு இறங்கிக் குடிக்கலாம், தீண்டப்படாதவர் குடிக்கக் கூடாது என்றிருந்த குளம். அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். குளத்திலிருந்து மாட்டை விரட்டு என்று அந்தப் போராட்டம் கேட்கவில்லை. மிருகத்துக்குக் கிடைக்கிறதே என்பது அங்கே குற்றச்சாட்டின் ஆதாரம். குற்றவாளி மாடு இல்லை. யானையின் கவளத்தைப் பிடுங்கினால் அது நம்ம தட்டுக்கு வரப்போவதில்லை. "மனுசனுக்கே இல்ல, மிருகத்துக்கு என்ன" என்ற வாதம் நம் வாயிலிருந்து வருவது ஆதிக்கச் சாதிக்காரனுக்கு வசதிதான். அவன் ரெண்டு பேருக்கும் கொடுக்காமல் தப்பித்துக்கொள்வான்.

ஆனால் இதோடு முடித்துக்கொண்டால் பாதிதான் பேசியதாகும். யானைக்கு வேறு வழியில்லை. மனிதரிடமே வளர்ந்த யானை காட்டுக்குத் திரும்ப முடியாது. அதற்கு மனுப் போடத் தெரியாது, சங்கம் கிடையாது. யாரோ வழக்குப் போட்டு, யாரோ லாரி கொண்டுவந்து ஏற்றினால்தான் உண்டு. மனுசனை அப்படி நடத்தும்போதுதான் மீட்பு என்ற சொல் அசிங்கமாகிறது. என் சித்தி மகள் ஒரு நூல் மில்லில் மூணு வருச ஒப்பந்தத்தில் இருந்தாள். கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிக் கூட்டிப்போகிற அதே ஏற்பாடு. அங்கிருந்து சில பிள்ளைகளோடு அவளை மீட்டார்கள். வேனில் ஏற்றி, வரிசையில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, பிஸ்கட் கொடுத்தார்கள். "என்னயக் கூட்டிட்டு வந்தாங்கண்ணே, எம் பாக்கிப் பணத்த யாரும் கூட்டிட்டு வரல" என்று பிறகு சொன்னாள். கொத்தடிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுத் திட்டமும் மறுவாழ்வுத் தொகையை எதிரிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டது. வழக்கு எத்தனை வருசம் நடக்கும் என்பது நமக்குத் தெரியாதா?

இதே திண்டுக்கல்லில் வேறொன்றும் நடந்தது. 2021 ஜனவரியில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அந்தச் சாவை அனுதாபத்தோடு விட்டுவிடவில்லை. உலகக் கம்பெனிகள் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. பாலியல் கொடுமைக்கு மட்டுமல்ல, சாதிப் பாகுபாட்டுக்கும் எதிரான ஒப்பந்தம் அது. தப்பு நடந்தால் கவனித்துச் சொல்லவும் தடுக்கவும் தொழிலாளிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். இங்கே யாரும் யாரையும் வேனில் ஏற்றவில்லை. வேலை செய்கிற இடத்திலேயே நின்று, அந்த இடத்தின் விதியை மாற்றினார்கள்.

ஆகவே எம்.ஆர். பாளையம் இருக்கட்டும், இன்னும் நன்றாக நடக்கட்டும். கோயில்களும் மடங்களும் புதிதாக யானை வாங்குவது நிற்கட்டும். பாகனுக்கும் காவடிக்கும் நிரந்தர வேலை, காப்பீடு, செத்தால் குடும்பத்துக்கு நட்டஈடு ஆகியவை சலுகையாக இல்லாமல் உரிமையாக எழுதப்படட்டும். யானை நம்மிடம் நன்றி எதிர்பார்ப்பதில்லை, நாமும் அதனிடம் பொறாமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் நம்ம சனங்களை மீட்க வருகிறேன் என்று எவர் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தக் காகிதத்தில் எங்க கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறீர்களா?